பதினோராவது துளை

“18 மார்ச் 1952, செவ்வாய். கேட்டு மரம் இரண்டு. துளை 11. தாள் 10. மழை இல்லை.”

என் பழைய நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. நாட்குறிப்பு என்பதுகூடப் பெரிய சொல். பிள்ளைகள் பாதியில் விட்டுப்போன பயிற்சிப் புத்தகங்களின் வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்து எழுதியவை அவை. மலாயாவில், கோலசிலாங்கூருக்கும் ராசா என்ற ஊருக்கும் இடையில் உள்ளடங்கி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளியில் அப்போது நான் ஆசிரியை. வயது இருபத்து மூன்று. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டு கொரில்லாக்களுக்கு எதிராக அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கி நான்காவது ஆண்டு.

கேட்டு என்பது லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றிப் போட்டிருந்த முள்கம்பி வேலியின் வாயில். துளை என்பது அந்த வாயில் மரங்களில் கருவண்டு போட்ட துளை. தாள் என்பது துளைகளை அடைக்க நான் கொடுத்த பழைய பயிற்சித் தாள். அடைத்தவர் ஒரு பெண். பதினொரு துளைகளில் பத்தைத்தான் அடைத்தார். மறதியால் அல்ல. எங்கே அடைத்தாலும் ஒன்றை விட்டுவைப்பது அவர் வழக்கம்.

போன மாதம் ராசாவிலிருந்து அவருடைய அக்காள் மகள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அவள் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். “சின்னம்மா எந்த வருஷம் நம்ம தோட்டத்துக்கு வந்தாங்கன்னு எங்க யாருக்கும் தெரியல டீச்சர். நீங்கதான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைப்பீங்களே. பாத்துச் சொல்லுங்க. எங்கயாச்சும் அவங்களப் பத்தி எழுதினா பேரு மட்டும் வேணாம். உசிரோட இருந்தப்பவே அவங்களுக்கு அது பிடிக்காது” என்று இருந்தது.

வந்த ஆண்டு என்னிடம் இல்லை. நான் 1951 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். பெயரை எழுதப்போவதில்லை. மற்றவற்றை, குறிப்பில் உள்ளதைக் குறிப்பில் உள்ளபடியும் நினைவில் உள்ளதை நினைவு என்று சொல்லியும் எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். களைவெட்டும் கூட்டத்தில் வேலை. ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது குளவி கொட்டியது என்று லயத்தில் சொல்வார்கள். நான் கேட்டபோது, குழந்தையில் கப்பல் படியில் விழுந்தது என்றார். அவரை ஒரு பூச்சியும் கொட்டி நான் பார்த்ததில்லை. குளவி தலையைச் சுற்றினால் மற்றவர்கள் முந்தானையை வீசிக்கொண்டு ஓடுவார்கள். அவர் இருக்கிற இடத்தில் நின்று, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வாயை மூடிக்கொள்வார். மூச்சுக்காற்று பட்டால்தான் அதுகளுக்குக் கோபம் வரும் என்பது அவர் கட்சி. வேலைக்குப் போகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். பூ வைக்கவே மாட்டார். முதுகுக்குப் பின்னால் அவரை ‘வண்டுக்காரி’ என்பார்கள். வீட்டுக்குள் குளவி கூடு வைத்துவிட்டால் ‘அக்கா’ என்பார்கள்.

நான் அவரை முதலில் அறிந்தது என் அம்மாவின் அவசரத்தால்.

பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்தது பலகை வீடு. அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் கருவண்டுகள் குடியேறியிருந்தன. கட்டைவிரல் பருமன், தார்போல் கறுப்பு, வெயில் பட்டால் இறக்கையில் ஒரு நீலம். பறந்தால் தூரத்தில் லோரி மேடேறுவது போல் இருக்கும். அது மரத்தைத் தின்பதில்லை. துளைத்து உள்ளே குடியிருந்து முட்டையிடுகிறது. துளை காம்பசு வைத்துப் போட்டதுபோல் வட்டமாக இருக்கும். சுண்டுவிரல் தாராளமாக நுழையும். துளைக்கும்போது விழுகிற மரத்தூள் அம்மாவின் தலையணைமேலும் செபப்புத்தகத்தின்மேலும் கொட்டிக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புவதற்கு முன் நாற்காலியில் ஏறி ஐந்து துளைகளையும் சவர்க்காரத்தால் அடைத்தார். இரண்டு வாரத்தில் எட்டுப் புதிய துளைகள்.

ஆள் அனுப்பினோம். 1951 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை பிற்பகல், அவர் வந்தார். வந்தவர் உத்தரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்த்தார் என்றால் கால் மணி நேரம். அம்மா கொடுத்த காப்பி ஆறிப்போனது. எதையும் தொடுவதற்கு முன் அவ்வளவு நேரம் பார்ப்பார் என்பது எனக்கு அன்று தெரியாது. அம்மா என்னிடம், இந்த அம்மாளுக்குக் காது கேட்காதோ என்று சாடை காட்டினார்.

“எல்லாத்தையும் அடைச்சிட்டீங்களாம்மா?” என்று கடைசியில் கேட்டார்.

“பின்ன? பாதிய அடைச்சிட்டு, பாதிக்கு விருந்து வைக்கணுமா?” என்றார் அம்மா.

“ஒண்ண விட்டிருக்கணும்மா. பழைய வீடு இருந்தா அது புது வீடு கட்டாது. இருக்கிற எல்லாத்தையும் அடைச்சா அது எங்க போகும், சொல்லுங்க? பக்கத்து மரத்துக்குத்தான் போகும். நம்ம வீட்டுலதானே பக்கத்து மரமும் இருக்கு.”

அவர் முறை இது. எழுதித் தீர்ந்த தாள் ஒன்றைத் துளையின் அளவுக்கு இறுக்கமாகச் சுருட்டுவார். ஒரு முனையைப் பாலில் தோய்ப்பார். பால் என்றால் ரப்பர் மரத்துப் பால். மறுமுனையைத் துளைக்குள் விட்டுத் திருகி ஏற்றுவார். வெளியே நிற்கிற முனையில் பால் உறைந்து ரப்பராகிவிடும். வண்டு கடித்தால் வாயில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தடவை முயன்றுவிட்டுப் போய்விடும். உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று முதலில் ஈர்க்குச்சியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். இருந்தால் அந்தத் துளையை ஒரு மாதம் தள்ளிப்போடுவார். எங்கள் வீட்டில் கட்டிலை விட்டுத் தள்ளியிருந்த ஒரு பழைய துளையைச் சவர்க்காரத்தைச் சுரண்டித் திறந்துவிட்டு, மற்ற பன்னிரண்டையும் அடைத்தார்.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்த 1955 வரை அந்த உத்தரத்தில் புதிய துளை விழவில்லை. மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்திருக்கிறேன். சாயங்காலம் வண்டு திரும்பி வந்தால், “நம்ம குடித்தனக்காரி வந்துட்டா” என்பார் அம்மா. பிற்காலத்தில் இந்த வண்டுகளைப் பற்றிப் புத்தகங்களில் தேடிப் படித்தேன். தாய் போட்ட துளையை மகள் எடுத்துக்கொள்ளும் என்று அவற்றிலும் இருந்தது.

அதன் பிறகு பள்ளியின் பழைய பயிற்சித் தாள்கள் அவருக்கென்று ஆயின. முன்பெல்லாம் ஆண்டு முடிவில் அவற்றை எரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை விட்டுவைப்பது மரத்தோடு நிற்கிற பழக்கம் அல்ல. தண்ணீர்க் குழாயடியில் ஒருநாள் நடந்தது. தேதி குறிக்கவில்லை, நினைவிலிருந்து சொல்கிறேன். யாரோ ஒருவரின் சவர்க்காரக் கட்டி காணவில்லை. பங்கீட்டுக் காலத்தில் அது சிறிய காரியமில்லை. எடுத்தது இன்ன பெண்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழெட்டுப் பேர் அவளைச் சுவரோடு சேர்த்து வளைத்துக்கொண்டு, “சோதிச்சுப் பாத்துடுவோம்” என்று நின்றார்கள். இவர் வரிசையில் இருந்தார். தன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்து, “கொஞ்சம் தள்ளுங்கடி, தண்ணி சிந்துது” என்று இரண்டு பேரை நகர்த்தினார். நகர்ந்த இடைவெளியில் அந்தப் பெண் ஓடிவிட்டாள். இவருக்கு அன்று நல்ல திட்டு விழுந்தது. மறுநாள் காலை சவர்க்காரக் கட்டி குழாய்த் திண்டின்மேல் இருந்தது, கொஞ்சம் கரைந்து.

இனித் தெபுவான் கதை. தெபுவான் என்று அங்கே எல்லாரும் மலாய்ப் பெயரால்தான் சொல்வோம். காகிதம்போல் கூடு கட்டுகிற பெரிய குளவி. நாலைந்து கொட்டினால் ஆளை ஆசுபத்திரிக்குத்தான் தூக்க வேண்டும். 1951 நவம்பரில் பள்ளிக்கூடத்துக்கு அருகில் இருந்த கொய்யா மரத்தில் ஒரு கூடு தேங்காய் அளவில் இருந்தது. கவனிப்பதற்குள் பூசணி அளவாகிவிட்டது. மற்ற காலமாக இருந்தால் பொழுது சாய்ந்ததும் பந்தம் கொளுத்தி முடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் எல்லாம் கூடு அடையும். ஆனால் அப்போது ஆறு மணிக்கு ஊரடங்கு. வீட்டுக்கு வெளியே தலை தெரிந்தால் சுடலாம் என்று உத்தரவு. பகலில் புகை போடலாம் என்றால், சமையல்கட்டுக்கு வெளியே எழுகிற எந்தப் புகையும் காட்டுக்குச் சைகை என்று கேள்வி வரும்.

அவர் மூன்று நாள் அந்த மரத்தைப் பார்த்தார். நான்காம் நாள் என்னிடம் வந்து, மழை வரட்டும் என்றார். பெரிய மழைக்கு அதுகளும் வீட்டுக்குத்தானே வரும் என்பது அவர் கணக்கு. 22 ஆம் தேதி பிற்பகல் மழை கொட்டியது. பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சன்னல் இடுக்கால் பார்த்தேன். நனைந்த கோணிச் சாக்கின் வாயை விரித்துக் கீழிருந்து மேலாக, கூட்டைக் கிளையோடு போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு கிளையை அறுத்தார். ஒரு கம்பின் நுனியில் சாக்கைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

கேட்டில் எந்தச் சாக்கும் திறந்து பார்க்கப்படாமல் வெளியே போகக்கூடாது. அரிசியோ உப்போ காட்டுக்குப் போய்விடும் என்பதால் கட்டுச்சோற்றைக்கூடப் பிரித்துக் கிளறுவார்கள். அன்று காவலில் இருந்தது ஒரு மலாய் இளைஞர், வேலைக்குப் புதிது. அங்கே பேசியது பிறகு இவர் சொல்லி எனக்குத் தெரிந்தது. “அபா இனி?” என்று கேட்டார். என்ன இது என்கிறார். இவர், “தெபுவான்” என்றார். காவலர் நம்பவில்லை. புக்கா, திற, என்றார்.

இவர் சாக்கை மெதுவாகத் தரையில் வைத்தார். நான்கு அடி பின்னால் நகர்ந்தார்.

“நீங்களே தொறந்து பாருங்க தம்பி. உங்க வேலைய நான் செய்யக் கூடாது” என்றார், அரைகுறை மலாயில்.

காவலர் கயிற்றில் கை வைத்துக் குனிந்தார். உள்ளேயிருந்து வந்த இரைச்சல் மழையை மீறி எனக்குக் கேட்டதாக எழுதியிருக்கிறேன். அவ்வளவு தூரம் கேட்டிருக்குமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. காவலர் துப்பாக்கியையும் போட்டுவிட்டுக் காவல் குடிசைக்குள் போனார். உடன் இருந்தவர்கள் பல நாள் அவரைத் ‘தெபுவான்’ என்றே கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்தது. இருக்காதா?

இவர் சாக்கை வாய்க்காலுக்கு அப்பால் புதருக்குள் வைத்து, முடிச்சில் கட்டியிருந்த நீளக் கயிற்றைத் தூர நின்று இழுத்துத் திறந்துவிட்டு வந்தார். கொன்றிருக்கலாமே அக்கா, தண்ணீரில் அமுக்கினால் போதுமே என்று கேட்டேன்.

“அப்ப வெளிய போயிருந்தது நாலாச்சும் இருக்கும் டீச்சரு. திரும்பி வந்து வீட்டைத் தேடும். வாய்க்காலுக்கு அந்தாண்ட இருந்தா வாசம் புடிச்சுப் போய்ச் சேந்துக்கும். ஒண்ணுமில்லேன்னா ஆத்திரம்தான் மிச்சம். அந்த நாலும் நம்ம புள்ளைங்க தலைமேலதான் சுத்தும்.”

1952 தொடக்கத்தில் கேட்டு மரங்களுக்கு வண்டு வந்தது. பழைய மாட்டுக்கொட்டகையை இடித்தெடுத்த சதுர மரங்கள் அவை. நன்றாகக் காய்ந்து, வண்டுக்கென்றே வைத்ததுபோல் இருந்தன. சோதனைக்கு வரிசையில் நிற்பவர்களின் முகத்துக்கு நேரே வண்டுகள் வந்து வந்து போயின. உண்மையில் அப்படி வழிமறிப்பது ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. அது காவலர்களுக்குத் தெரியாது. அவர்கள் துரையிடம் முறையிட, துரை ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் சொல்ல, பெரிய கிராணி இவரைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னார். பெரிய கிராணி மலையாளி; நல்ல தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அக்கா என்னிடம் பத்துத் தாள் கேட்டார். கொடுத்தேன். இடதுபக்க மரத்தில் உயரத்தில் இருந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை அடைத்தார். அதைத்தான் மார்ச் 18 இல் குறித்திருக்கிறேன். அவர் ஒன்றை விட்டிருப்பார் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஏப்ரல் 22, அதுவும் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குப் பள்ளிக்கு ஆள் வந்து, என்னை உடனே ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.

ஆபீசில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. பக்கத்தில் பெரிய கிராணி, மொழிபெயர்க்க. கதவருகே அந்த மலாய்க் காவலர். சுவரோரமாக இவர், களைவெட்டுக் கத்தியைப் பிடுங்கிவிட்டிருந்ததால் வெறுங்கையோடு. மேசைமேல் தாள்கள் ஒவ்வொன்றாக விரித்துப் பரப்பப்பட்டு, சுருண்டுவிடாமல் ரூல்தடிகளாலும் மைக்கூடுகளாலும் அமுக்கி வைக்கப்பட்டிருந்தன.

நடந்தது இதுதான். காலையில் காவலுக்கு வந்த அந்த இளைஞர், இடது மரத்தில் உயரத்தில் இருந்த துளையிலிருந்து ஒரு தாள் முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். இழுத்தார். சுருட்டிய தாளில் தமிழ் எழுத்து. மற்றத் துளைகளையும் கிண்டினார். எல்லாவற்றிலும் எழுதிய தாள். காட்டுக்கும் லயத்துக்கும் நடுவில், சோதனை நடக்கிற கேட்டிலேயே தபால் நடக்கிறது என்று அறிக்கை போய்விட்டது. அவர் செய்ததில் தவறு சொல்ல முடியாது. அவருடைய இடத்தில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அந்த நாளில் சந்தேகம் ஒன்று போதும். முகாமில் வைப்பார்கள், பிறகு கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு. அக்கா அந்தக் கரையை விட்டு வந்தது ஐந்து வயதில். அங்கே அவருக்கு ஒரு முகம் தெரியாது. இங்கே, தாயும் தகப்பனும் இல்லாத அக்காள் மகளுக்கு அவரைவிட்டால் யாரும் இல்லை. அந்தப் பிள்ளை அந்நேரம் என் வகுப்பில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது.

அதிகாரி, இவற்றை வைத்தது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். பெரிய கிராணி தன் பங்குக்கு, அடைக்கச் சொன்னது ஆபீஸ்தான் என்பதை இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார். தாளை வைத்து அடைக்கச் சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு, அது தமக்குத் தெரியாது என்றார்.

“எத்தனை வைத்தாய்?”

இவர் மேசையைப் பார்த்தார். எங்கள் வீட்டு உத்தரத்தைப் பார்த்ததுபோல் பார்த்தார். நானும் பார்த்தேன். பதினொன்று இருந்தது. பத்துத் தாள்களின் ஓரத்தில் ரப்பர் உறைந்து பழுப்பாக இருந்தது. ஒன்றில் இல்லை. அந்த ஒன்று நான் கொடுத்தது அல்ல.

பெரிய கிராணி கேள்வியைத் திரும்பச் சொன்னார்.

“பதினொண்ணு” என்றார் அவர்.

நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் வாயிலிருந்து நடக்காத ஒன்றை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதிகாரி என்னிடம், ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். நான் தமிழில் வாசிக்க வேண்டும், பெரிய கிராணி ஆங்கிலத்தில் சொல்வார். ஏழாம் வாய்ப்பாடு. பசுவைப் பற்றிய ஐந்து வாக்கியம், அதில் இரண்டு பிழை, சிவப்பு மையில் என் திருத்தம். கூட்டல் கணக்கு. இன்னொரு பசு. அதிகாரி கொட்டாவியை அடக்கினார். பிறகு அந்தத் தாள். பென்சிலில், முதிர்ந்த கையெழுத்து:

“வியாழன் வேண்டாம். சனி. அதே இடம்.”

“வியாழன்,” என்று வாசித்தேன். “வெள்ளி. சனி. ஞாயிறு.” நிறுத்திவிட்டு, இது கிழமைகள், இரண்டாம் வகுப்பு என்றேன். பெரிய கிராணி அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி முட்டாள் அல்ல. அந்தத் தாளை எடுத்து ஓரத்தைத் தடவினார். மற்றவற்றில் ரப்பர் இருக்கிறதே, இதில் ஏன் இல்லை என்று கேட்டார். என்னை அல்ல, அவரை.

“பால் தீந்துபோச்சுங்க தொரை. அதான் சும்மா சொருகினேன். அதனாலதான் அது வெளிய வந்திருச்சு.”

அதிகாரிக்கு அது பொருத்தமாகத்தான் பட்டிருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாரும் போனோம். தாள்களைப் பிடுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வண்டுகள் வீடு திரும்பியிருந்தன. அதிகாரி ஒரு துளைக்குள் விரலை விட்டு ஆழம் பார்க்கப் போனார். அவர் கைக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு கருவண்டு புறப்பட்டது. தொப்பி விழுந்தது. மலாய்க் காவலர்தான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டுப் பயந்துபோய், தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். இனிமேல் சிமெண்டால் அடைக்க வேண்டும், எழுதிய தாளை எங்கும் வைக்கக்கூடாது என்று உத்தரவிட்டுவிட்டு அதிகாரி போய்விட்டார். தாள்களைக் கையோடு எடுத்துப் போனாரா, ஆபீசில் விட்டாரா என்று குறிப்பில் இல்லை.

பதினொரு துளைகளும் சிமெண்டால் அடைபட்டன. ஜூலைக்குள் காவல் குடிசையின் கூரை மரத்தில் ஒன்பது புதிய துளைகள். யாரும் இவரைக் கூப்பிடவில்லை, இவரும் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் கேட்டேன்.

“பத்துதானே வச்சீங்க அக்கா? ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“பத்துன்னு சொன்னா மிச்சம் ஒண்ணு யாருதுன்னு கேப்பாங்கல்ல. அப்புறம் லயத்துல ஒரு வீடு விடாமத் தொறந்து பாத்திருப்பாங்க.” நிறைந்த வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாயை மூடினார். “எவன் வச்சானோ. எவளோ. அவங்க பாட்டுக்குப் போகட்டும்.”

“அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு...”

“நீங்கதானே வாசிச்சீங்க டீச்சரு. கெழமைங்கதானே?” என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அந்தத் தாள் காதலர்கள் எழுதிக்கொண்டதாக இருக்கலாம். காட்டுக்குப் போக வேண்டிய செய்தியாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால், ஒரு பொய்யால் எதற்குத் துணை போனேன் என்று எனக்குத் தெரியாது. ஏப்ரல் 26, அந்தச் சனிக்கிழமை, எங்கள் வட்டாரத்தில் எதுவும் நடந்ததாக என் குறிப்பில் இல்லை. பிற்பாடு பழைய செய்தித்தாள்களில் தேடியபோதும் அகப்படவில்லை. ஆனால் அன்றைய குறிப்பில் ஒரு வரி உண்டு: “களைக்கூட்டத்தில் நான்கு பெண்கள் வேலைக்கு இல்லை. அக்காவும்.” காட்டை ஒட்டியிருந்த தூரத்து மலைச்சரிவு ரப்பரில் அன்று களையெடுப்பு. போக வேண்டாம் என்று மற்ற மூவரிடமும் இவர் சொன்னதாக அப்போது கேள்விப்பட்டேன். அந்த மூவரில் யாரிடமும் நான் விசாரிக்கவில்லை. சனி என்ற சொல்லை நானே உரக்க வாசித்திருந்தேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதிலிருந்துகூட அவர் ஊகித்திருக்கலாம்.

அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது தோட்டத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட விசயம். சம்பள நாளில் கைநாட்டு வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதே சமயம், நான் கொடுத்த தாள்களில் ஒன்றை அவர் ஒருமுறை திருப்பிக் கொண்டுவந்தார். இது இன்னும் திருத்தாத தாள் என்றார். சிவப்பு மை இல்லாததைப் பார்த்துச் சொன்னாரா, வேறு எப்படியாவதா என்று நான் கேட்கவில்லை. கடிதம் எழுதிய அக்காள் மகளுக்குப் பதில் போட்டபோது, சின்னம்மா எதையாவது வாசித்து நீ பார்த்ததுண்டா என்று விசாரித்திருந்தேன். அவள் பதில் நேற்று வந்தது. தான் பார்த்ததில்லை, ஆனால் வீட்டில் எழுதிய காகிதம் எதுவும் ஒருநாளும் தலைகீழாகக் கிடந்ததில்லை என்று எழுதியிருக்கிறாள். இது சான்று ஆகாது. அந்த மேசையின் முன் நின்ற அவ்வளவு நேரமும் அவர் எண்ணிக்கொண்டிருந்தாரா, வாசித்துக்கொண்டிருந்தாரா என்பது உறுதி செய்யப்படவில்லை.